மலை ஓடைக்கு என்ன கோளாறு? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

இந்தக் குறிப்பு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற மலை நகரங்களுக்குள்ளும் அவற்றை ஒட்டியும் ஓடும் சிற்றோடைகளுக்கானது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் பள்ளம், தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி வரும் வாய்க்கால், ஏரிக்குள் போய் விழும் கால்வாய் எல்லாமே இதில் அடங்கும். சமவெளிக்கு எழுதப்பட்ட கையேடுகளை அப்படியே இங்கே பயன்படுத்தினால் சில இடங்களில் தப்பான விடை கிடைக்கும். ஓரிரு இடங்களில் ஆபத்தே வரும். அந்த இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

எந்த அறிகுறிக்கும் முதல் கேள்வி: மழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நாற்றமோ நுரையோ கலங்கலோ, கண்ணில் பட்டதும் காரணத்தை ஊகிக்க வேண்டாம். கடைசி மழை எப்போது பெய்தது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாக மழையே இல்லாமல் ஓடை கெட்டிருந்தால், யாரோ எதையோ உள்ளே விடுகிறார்கள் என்று பொருள். குழாயாக இருக்கலாம், லாரியாக இருக்கலாம், கழுவும் இயந்திரமாகவும் இருக்கலாம். மழை தொடங்கிய கால் மணி நேரத்தில் வந்து மழையோடு போய்விட்டால் காரணம் தரையில் கிடக்கிறது: சாலை, வாகன நிறுத்தம், வெட்டிய மண், திறந்த குப்பை. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மாறியிருந்தால் நிலத்தடியைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியே பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

மழைக்காலமும் இடத்துக்கு இடம் மாறும். கூடலூரும் அவலாஞ்சியும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நனையும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. கொடைக்கானலில் கோடை மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஊட்டியில் இருப்பவர் எழுதிவைத்த நாட்காட்டி குன்னூருக்குப் பொருந்தாது.

கையில் இருக்க வேண்டியவை

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் ஒன்று போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதோடு வெப்பமானி, அமில, காரத் தன்மை காட்டும் பிஎச் தாள், பத்து மீட்டர் கயிறு, வெள்ளைத் தட்டு, தேநீர் வடிகட்டி, ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டில் இரண்டு, ரப்பர் கையுறை. குடிநீர் ஊற்றையும் சோதிப்பதாக இருந்தால் கருமை நிறம் காட்டும் ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில்கள் வேண்டும்.

டிடிஎஸ் மீட்டர்தான் இங்கே தலையான கருவி. அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மலைகளின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. அது எளிதில் கரையாது. அதனால் சோலைக்குள்ளிருந்து நேரே வரும் ஓடையில் டிடிஎஸ் அளவு லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தொடுவதே அரிது, பல இடங்களில் இரண்டு இலக்கத்தின் கீழ்ப்பாதியில்தான் நிற்கும். சமவெளியில் கிணற்றுத் தண்ணீரே 500, 800 என்று காட்டும்போது சாக்கடை கலப்பது அந்த எண்ணில் புதைந்துபோகும். இங்கே அப்படி இல்லை. 40 இருந்த இடத்தில் 90 என்றால் நடுவில் ஏதோ கலந்திருக்கிறது. குடிநீர்த் தரத்தின்படி 500 வரை நல்ல தண்ணீர்தானே என்று சொல்லி யாராவது அந்த 90-ஐத் தள்ளிவிடப் பார்த்தால் ஏமாற வேண்டாம். நாம் பார்ப்பது எண்ணை அல்ல, தாவலை.

அறிகுறி 1: மழையில்லாத நாளில் நாற்றம், வெண் நுரை, கல்லில் சாம்பல் நிறப் பஞ்சு

மலை நகரங்களில் மிகுதியாகக் காணும் கோளாறு இதுதான். கல்லைத் திருப்பினால் ஈரப் பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் நூல்நூலாக ஆடும். அது பாசி அல்ல, கழிவுநீரில் வளரும் பாக்டீரியாக் கூட்டம். அது இருக்கிறது என்றாலே வாரக்கணக்கில் தொடர்ந்து கழிவு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு நாள் லாரி கொட்டியதால் அது வளராது. நுரையை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். இலை மக்கியதாலும் அருவிக்குக் கீழே நுரை வரும். அது பழுப்பாக, மண் வாசனையோடு இருக்கும், கையில் எடுத்தால் சட்டென்று அடங்கிவிடும். சோப்பு நுரை வெள்ளையாக, வாசனைத் திரவிய மணத்தோடு, மேடுபோல் நிற்கும்.

தேடும் முறை இது. காலை 7 முதல் 10 மணிக்குள் தொடங்குங்கள். குளியல், துணி, சமையல் எல்லாம் அந்த நேரத்தில்தான். விடுதிகள் மேல் சந்தேகம் இருந்தால் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அடுத்து வரும் புதன்கிழமை காலையும் அளந்து ஒப்பிடுங்கள். ஞாயிறு ஏறி புதன் இறங்கினால் ஊர் மக்களின் கழிவு அல்ல, அறைகளின் கழிவு.

கெட்ட இடத்திலிருந்து மேல்நோக்கி நடந்து, ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை டிடிஎஸ்ஸும் வெப்பமும் எழுதுங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எண் தாவுகிறதோ அங்கே திரும்பி வந்து ஐந்து மீட்டருக்கு ஒருமுறை அளக்க வேண்டும். குழாய் வாய் கண்ணில் படாவிட்டாலும் வெப்பம் காட்டிக்கொடுக்கும். ஜனவரிக் காலையில் ஓடை 10 டிகிரியில் இருக்கும்போது குளியலறைத் தண்ணீர் வரும் கரையோரம் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும்.

எவ்வளவு கலக்கிறது என்றும் கணக்கிட முடியும். மேலே 40, கலந்த பின் கீழே 90, குழாய்த் தண்ணீர் 450 என்று வைத்துக்கொள்வோம். 90-லிருந்து 40-ஐக் கழித்தால் 50. 450-லிருந்து 40-ஐக் கழித்தால் 410. ஐம்பதை 410-ஆல் வகுத்தால் 0.12. அதாவது கீழே ஓடுவதில் 12 சதவீதம் கழிவு. ஓடையின் ஓட்டத்தை அளக்க, நேராக ஓடும் பத்து மீட்டர் தூரத்தில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். 50 வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு 0.2 மீட்டர். மேற்பரப்பு வேகம் உள்வேகத்தைவிடக் கூடுதல் என்பதால் 0.8-ஆல் பெருக்க வேண்டும். அகலம் 1 மீட்டர், சராசரி ஆழம் 8 சென்டிமீட்டர் என்றால் ஓட்டம் வினாடிக்குச் சுமார் 13 லிட்டர். அதில் 12 சதவீதம் ஒன்றரை லிட்டர். ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டிலிருந்து இவ்வளவு வராது. பெரிய விடுதியையோ ஒரு தெருவின் மொத்தச் சாக்கடையையோ தேடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

சந்தேகப்படும் குழாய் எந்தக் கட்டடத்துடையது என்று உறுதிசெய்ய, கட்டட உரிமையாளர் சம்மதத்தோடு அரைக் கிலோ கல்லுப்பை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கழிப்பறையில் ஊற்றி, குழாய் வாயில் மீட்டரோடு நில்லுங்கள். நேரடி இணைப்பானால் சில நிமிடங்களில் எண் எகிறும். எகிறாவிட்டால் இணைப்பே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நடுவில் செப்டிக் டேங்க் இருந்தால் உப்பு அதற்குள் கலந்து மணிக்கணக்கில் மெல்ல வெளியேறும், மீட்டரில் பிடிபடாது.

பெரும்பாலும் பிடிபடும் காரணங்கள் மூன்று.

செப்டிக் டேங்க் நிரம்பி வழிவது முதலாவது. குளிரில் கழிவு மட்கும் வேகம் குறைவு, அதனால் சமவெளியைவிட இங்கே சேறு சீக்கிரம் சேரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளவெடுங்கள். ஒரு நீளக் கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை விட்டு எடுத்தால் சேறு எவ்வளவு உயரம் என்று துணியிலேயே தெரியும். மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் லாரியை அழைக்க வேண்டியதுதான். லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் கேட்டுவிடுங்கள். அடுத்த பள்ளத்தில் என்றால் கோளாறு தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இரண்டாவது, அடித்தளமில்லாத தொட்டி. பெயருக்கு செப்டிக் டேங்க், உண்மையில் ஓர் உறிஞ்சுகுழி. சரிவில் அமைந்த வீட்டில் அது உறிஞ்சிய கழிவு கீழ்வீட்டுத் தடுப்புச் சுவரின் துளை வழியே வரும். தெளிவாகவே இருக்கும், நாற்றமும் குறைவு, ஆனால் நைட்ரேட் ஏறியிருக்கும்.

மூன்றாவது மட்டும் மழையோடு தொடங்குவது: பாதாளச் சாக்கடையின் ஆள்நுழை குழி (மேன்ஹோல்) வழிவது. சாக்கடைக் குழாய் கழிவுக்கு மட்டுமே போட்ட அளவு. மேலே உள்ள வீடுகள் கூரைத் தண்ணீரையும் அதில் இணைத்துவிட்டால் ஒரு பெருமழையில் மூடி தூக்கிக்கொண்டு பொங்கும். மலை நகரங்களில் பிரதானச் சாக்கடைக் குழாய் பெரும்பாலும் ஓடையை ஒட்டியே போகிறது, தாழ்வான இடம் அதுதானே. அதனால் வழிந்தது முழுக்க ஓடையில் இறங்கும். ஊட்டி ஏரிக்குள் போகும் கோடப்பமந்து கால்வாய் மாதிரியான இடங்களில் மழைக்குப் பின்னும் நாற்றம் குறையாமல் இருக்கிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் கூரைக் குழாய்களைப் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை இரண்டு. பிளீச்சிங் பவுடர் தூவினால் நாற்றம் ஒரு நாள் அடங்கும், கீழே அரைக் கிலோமீட்டருக்கு எஞ்சியிருக்கும் பூச்சியும் சாகும். நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றுவதும் வீண். ஓடும் தண்ணீரில் ஊற்றியது அரை மணியில் அடுத்த ஊரில் இருக்கும்.

அந்த ஓடைக்குப் பக்கத்து ஊற்றிலிருந்து யாராவது குடிக்கிறார்கள் என்றால் ஹைட்ரஜன் சல்பைடு பாட்டிலில் சோதியுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் மலக்கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. இதில் ஒரு மலைச் சிக்கல்: பாட்டிலுக்கு 25 முதல் 37 டிகிரி வெப்பம் வேண்டும். ஊட்டி வீட்டு அலமாரியில் டிசம்பரில் வைத்தால் கிருமி இருந்தும் கறுக்காமல் போகலாம், கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீராகத் தேர்ச்சி பெற்றுவிடும். தெர்மகோல் பெட்டியில் வெந்நீர்ப் பாட்டிலோடு வைத்து, ஐந்தாறு மணிக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றுங்கள். காய்ச்சிக் குடிப்பவர்களும் கவனிக்க: 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதி வந்த பின் மூன்று நிமிடம் விட வேண்டும்.

அறிகுறி 2: மழை பெய்த உடனே பாய்ந்து வருகிறது, மார்ச்சில் ஒரு சொட்டு இல்லை

இரண்டும் ஒரே நோய். சோலையும் புல்வெளியும் சதுப்பும் இருந்தவரை மழை மண்ணுக்குள் போய், மாதக்கணக்கில் கசிந்து, கோடையில் ஓடையை ஓடவைத்தது. அந்த இடத்தில் தார், கான்கிரீட், தகரக் கூரை வந்ததும் மழை ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு மூடப்பட்டாலே ஓடையின் உயிர்கள் குறையத் தொடங்கும் என்பது உலகெங்கும் நகர ஓடைகளில் கண்டது. ஊட்டியில் ஏரிப் பரப்பும் அதையொட்டிய ஈரநிலமும் சுருங்கிய இடத்தில்தான் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கின்றன. பெருமழையில் அங்கே தண்ணீர் நிற்பது அதன் பழைய இடத்துக்கு வருவதுதான்.

அளவு தெரிந்தால் பேச எளிது. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர். 1,000 சதுர மீட்டர் வாகன நிறுத்தத்தில் ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் கொட்டினால் 40,000 லிட்டர், அதாவது வினாடிக்கு 11 லிட்டர். மேலே கணக்கிட்ட ஓடையின் மொத்த ஓட்டத்துக்கு ஏறக்குறைய சமம். ஒரே ஒரு வாகன நிறுத்தம் ஓடையை இரட்டிப்பாக்குகிறது.

இங்கேதான் சமவெளிக் கையேடு ஆபத்தாகும். அங்கே தீர்வு மழைநீர் உறிஞ்சுகுழி. மலைச் சரிவில் அதே குழியைத் தோண்டினால் ஆழமான செம்மண் ஊறி, கனம் கூடி, வழுக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது பெருமழைதான் உடனடிக் காரணம். சரிவை வெட்டியதும் தண்ணீரின் இயல்பான வழியை அடைத்ததும் அதற்குத் துணைபோகும் காரணங்கள். ஆகவே வெட்டிய மேட்டின் தலைமாட்டில், தடுப்புச் சுவருக்கு மேல்பக்கம், முன்பு சரிந்த இடத்தில், தரையில் பிளவு தெரியும் இடத்தில், மரங்கள் சாய்ந்து நிற்கும் இடத்தில் உறிஞ்சுகுழி கூடவே கூடாது. சமதளமான பள்ளத்தாக்கு அடியிலும் பழைய சதுப்பு ஓரத்திலும் வைக்கலாம்.

சரிவில் இருப்பவர்கள் பிடித்து வைத்து மெல்ல விட வேண்டும். 2,000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்கில் கூரைத் தண்ணீரை இறக்கி, அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில் 10 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். அடியில் 500 லிட்டர் தோட்டத்துக்கு நிற்கும். மேலே உள்ள 1,500 லிட்டர் சுமார் நான்கு மணி நேரத்தில் மெல்ல வடிந்து, அடுத்த மழைக்கு இடம் தரும். துளைக்கு உள்பக்கம் கொசுவலை கட்டாயம், இல்லையென்றால் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை ஒன்று போதும் அடைக்க. மேலே வழிந்தோடும் குழாய் தனியாக இருக்க வேண்டும். வடியும் தண்ணீரைச் சரிவில் அப்படியே விடாமல், படிப்படியாக இறங்கும் கல் வாய்க்காலில் ஓடைவரை கொண்டுபோய்ச் சேருங்கள். ஒரு வீட்டில் செய்தால் ஓடைக்குத் தெரியாது. ஒரு தெருவே செய்தால் பாலத்தடியில் தெரியும்.

கோடை வறட்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஊற்றுக்கு மேலே போட்ட ஆழ்துளைக் கிணறும், ஓடையில் நேராகப் போட்ட மோட்டாரும். மோட்டார் ஓடும் நேரத்திலும் ஓடாத நேரத்திலும் ஓடையின் மட்டத்தை ஒரு குச்சியில் குறித்தால் தெரிந்துவிடும். சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும்தான் தண்ணீரைக் குடிக்கின்றன என்று எல்லாப் பழியையும் மரத்தின் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. அவற்றுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நகருக்குள் ஓடும் ஓடையில் மோட்டாரைப் பார்க்காமல் மரத்தைப் பார்க்கக் கூடாது.

அறிகுறி 3: மழையில்லாமலே செங்கலங்கல்

நேரத்தைப் பாருங்கள். விடியற்காலையில் கலங்கி மதியத்துக்குள் தெளிந்தால் கேரட் கழுவும் இயந்திரமாக இருக்கலாம். கேத்தி, ஊட்டிச் சுற்றுவட்டாரத்தில் கேரட் லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் புறப்படும் முன் கழுவும் வேலை நடக்கும். பகல் முழுக்கக் கலங்கி ஞாயிற்றுக்கிழமை தெளிந்தால் ஜேசிபி வேலை செய்யும் மனையைத் தேடுங்கள். நீலகிரியில் மண் வெட்டும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்தத் தாள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கழுவும் நிலையங்களுக்குத் தீர்வு படிவுத் தொட்டி. பெரும்பாலோர் ஆழமாகத் தோண்டி, அகலத்தைக் குறைத்துவிடுவார்கள், மண் படியாது. துகள் படிவதற்கு முக்கியம் பரப்பு. வண்டல் துகள் ஒன்று வினாடிக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தாழாது, குளிர்ந்த தண்ணீரில் இன்னும் மெதுவாகத் தாழும். வினாடிக்கு 1 லிட்டர் வெளியேறினால் குறைந்தது 4 சதுர மீட்டர் பரப்பு வேண்டும்: 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். நுழையும் பக்கம் ஒரு குறுக்குப் பலகை வைத்துப் பாய்ச்சலை உடைக்க வேண்டும். சேறு பாதிக்கு வந்ததும் அள்ளி வயலுக்கே கொண்டுபோகலாம், அது வயலின் மேல்மண்தானே. களிமண் துகள் இதிலும் படியாது. அதற்காகத் தொட்டிக்குப் பின் பத்து மீட்டர் புல்தரை வழியே தண்ணீரைப் பரவவிட்டு ஓடைக்கு அனுப்புங்கள்.

கட்டுமான மனையில் வெட்டிய மண்ணை ஓடைப் பக்கம் தள்ளுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். குவித்த மண்ணைத் தார்ப்பாயால் மூடி, கீழ்ப்பக்கம் மணல் மூட்டை ஒரு வரிசை அடுக்கினாலே பெரும்பகுதி நிற்கும்.

அறிகுறி 4: தடுப்புச் சுவரின் அடி காற்றில் தொங்குகிறது, கரை இடிகிறது

இரு கரையிலும் சுவர் எழுப்பி ஓடையைக் குறுக்கினால் தண்ணீர் வேகம் கூடும். அடியில் கான்கிரீட்டும் போட்டால் இன்னும் கூடும். வேகம் கூடிய தண்ணீர் கான்கிரீட் முடியும் இடத்தில் பள்ளம் பறிக்கும். அந்தப் பள்ளம் மெல்ல மேல்நோக்கி நகர்ந்து சுவரின் அடிமானத்தைத் தின்னும். குன்னூர் ஆறு ஊருக்குள் கடைகளுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே நெருக்கப்பட்டுப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுவரை உயர்த்துவது மருந்தல்ல. பறிந்த இடத்தில் கையால் தூக்க முடியாத அளவுப் பாறாங்கற்களைப் படிபடியாக அடுக்கி வேகத்தைக் கொல்ல வேண்டும். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. புதிய சுவரானால் அடிமானம் ஓடைப் படுகைக்குக் கீழே, பறிப்பு எட்டாத ஆழத்தில் இருக்க வேண்டும். இடம் இருந்தால் கம்பிவலைக்குள் கல் அடுக்கிய கட்டு சிறந்தது, தண்ணீர் அதனூடே கசியும். கல் சுவரானால் நீர் கசியும் துளைகளை அடைக்க வேண்டாம். அழுக்குத் தண்ணீர் வருகிறது என்று சிமென்ட் பூசி மூடிய சுவர்தான் அடுத்த மழையில் வயிறு தள்ளும்.

தூர்வாருதல் பற்றி ஒரு வார்த்தை. சிறுபாலத்தின் வாயிலும் படிவுத் தொட்டியிலும் தூர்வாரலாம், வார வேண்டும். ஓடை முழுக்க ஜேசிபியை ஓட்டிப் படுகையை வழித்தெடுப்பது வேறு. கல் போனால் வேகத்தைத் தடுக்க ஒன்றும் இல்லை, கரை இடியும், பூச்சிக்கு ஒட்டிக்கொள்ள இடமும் இல்லை. பார்வைக்குச் சுத்தமாக இருப்பதால் படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அறிகுறி 5: எண்ணெய்ப் படலம், ஆரஞ்சு நிறச் சளி

ஒரு குச்சியால் கிளறுங்கள். படலம் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து, சேராமல் மிதந்தால் அது இரும்பு பாக்டீரியா. சதுப்பு ஓரத்தில் இயல்பு, கவலை வேண்டாம். உடைந்தது சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் டீசல் அல்லது எஞ்சின் ஆயில். மேலே வாகனப் பட்டறை, ஜெனரேட்டர், வாட்டர் சர்வீஸ் இருக்கிறதா பாருங்கள். ஆரஞ்சுச் சளி புதிதாக ஒரு சுவர்த் துளையில் தோன்றினால் மட்டும் கவனியுங்கள், உள்ளே தண்ணீர் புதிதாக வழி மாற்றியிருக்கிறது.

அறிகுறி 6: கண்ணாடி மாதிரித் தண்ணீர், ஆனால் உயிர் இல்லை

ஏமாற்றும் அறிகுறி இது. சலசலவென்று ஓடும் இடத்தில் உள்ளங்கை அளவுக் கல்லை எடுத்து வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நல்ல ஓடையில் இரண்டு நிமிடத்தில் தட்டில் நீர்ப்பூச்சிகள் நகரத் தொடங்கும். மூன்று வால் கொண்டு, வயிற்றோரம் செவுள் படபடக்கும் மேஃப்ளை குஞ்சு. இரண்டு வால், தட்டை உடல், விறுவிறுவென்று நடக்கும் ஸ்டோன்ஃப்ளை. மணலையும் சுள்ளியையும் ஒட்டிக் கூடு செய்து அதையே இழுத்துக்கொண்டு போகும் கேடிஸ்ஃப்ளை. இந்த மூன்றும் இருந்தால் ஓடை நலம். ஸ்டோன்ஃப்ளை முதலில் போகும். கடைசியில் எஞ்சுவது நெளியும் சிவப்புப் புழு. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது பிழைக்கும், நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான் அதன் சிவப்புக்குக் காரணம். கல்லை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

தண்ணீர் தெளிவாக இருந்தும் தட்டு காலி என்றால் மூன்றைச் சோதியுங்கள். முதலில் பிஎச். இந்த மென்னீரில் கரைந்த சுண்ணாம்பு குறைவு, எதையும் தாங்கிச் சமன்செய்யும் திறன் இல்லை. கான்கிரீட் கலவை இயந்திரம் கழுவிய தண்ணீரின் பிஎச் 12 வரை இருக்கும். கொஞ்சம் கலந்தாலே ஓடையில் 9-ஐத் தாண்டும். புதிதாக கான்கிரீட் போட்ட வாய்க்காலில் சில வாரங்களுக்கு இந்தத் தொல்லை இருக்கும். அடுத்து, கல்லின் இடுக்குகள் வண்டலால் அடைபட்டிருக்கின்றனவா என்று விரலை விட்டுப் பாருங்கள். மூன்றாவது பூச்சிமருந்து. தோட்டத்தில் மருந்தடித்த மறுநாள் மழை பெய்திருந்தால் ஐயம் வலுக்கும். அதை வீட்டில் சோதிக்க முடியாது, பாதரசம் போன்ற கன உலோகங்களையும் முடியாது. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையைச் சுற்றிய பாதரச விவகாரத்தில் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஆய்வகம் மட்டுமே வழி.

கரைந்த ஆக்சிஜன் அளக்கும் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு: அதிலுள்ள அட்டவணை கடல்மட்டத்துக்கானது. 15 டிகிரியில் நிறைவு அளவு லிட்டருக்கு 10.1 மில்லிகிராம் என்று அதில் இருக்கும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் நான்கில் மூன்று பங்கை ஒட்டியிருப்பதால் அதே வெப்பத்தில் 7.8-தான் உச்சம். 7.5 வந்ததைப் பார்த்துக் கால் பங்கு ஆக்சிஜன் காணவில்லை என்று பதற வேண்டாம், அது ஏறக்குறைய முழு அளவு.

அறிகுறி 7: மீன் செத்து மிதக்கிறது

முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம், மாலையில் போனால் தடயம் கீழே போயிருக்கும். கண்ணாடிப் பாட்டிலைக் காற்றுக் குமிழி இல்லாமல் நீருக்குள்ளேயே நிரப்பி, மூடிக்குக் கீழே அலுமினியத் தாள் வைத்து மூடி, ஐஸில் வையுங்கள். செத்த இடத்தில் ஒன்று, அதற்கு மேலே மீன் உயிரோடு இருக்கும் இடத்தில் ஒன்று. இரண்டும் இல்லாமல் ஆய்வக முடிவுக்குப் பொருள் இல்லை. விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்திருந்து, பெரியவை முதலில் செத்திருந்தால் ஆக்சிஜன் குறைவு. பட்டப்பகலில் சிறியதும் பெரியதும் ஒன்றாகச் செத்திருந்தால் நஞ்சு. கையுறை இல்லாமல் தொட வேண்டாம், யாரும் பொறுக்கிக்கொண்டுபோய்ச் சமைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 8: ஏரியிலோ குட்டையிலோ ஆகாயத்தாமரை, பச்சைப் பாசி

களையை அள்ளுவது தேவைதான், ஆனால் அது அறிகுறியை அள்ளுவது. ஏரிக்குள் வரும் ஒவ்வொரு கால்வாய் வாயிலும் அறிகுறி 1-இன் முறையில் அளந்து, எது அதிகம் கொண்டுவருகிறது என்று வரிசைப்படுத்துங்கள். அள்ளிய களையைக் கரையிலேயே குவித்தால் மக்கி, ஊட்டம் மறுபடி ஏரிக்கே போய்ச் சேரும். கரையிலிருந்து விலக்கிக் கொண்டுபோய் உரமாக்க வேண்டும்.

யாரிடம், எதோடு போவது

"ஓடை நாறுகிறது" என்று எழுதிக் கொடுத்த மனு அலமாரியில் தூங்கும். தேதி, நேரம், கடைசி மழை நாள், மேல்-கீழ் டிடிஎஸ், குழாய் வாயின் படம், புல எண் (சர்வே எண்) ஆகிய ஆறும் இருந்தால் மறுக்க முடியாது. புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தில் பார்த்து, அது ஓடைப் புறம்போக்கா என்று உறுதிசெய்யுங்கள். ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறை. வீட்டுக் கழிவு, ஆள்நுழை குழி என்றால் நகராட்சி அல்லது பேரூராட்சி. விடுதி, பட்டறை, தொழிற்சாலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஊற்றுத் தண்ணீர்ச் சோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம். எதுவும் நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள்.

சரியானதா என்று எப்போது பார்ப்பது

குழாயை அடைத்த மறுநாளே டிடிஎஸ் இறங்கும். இறங்காவிட்டால் இன்னொரு குழாய் இருக்கிறது, மறுபடி நடக்க வேண்டும். சாம்பல் பஞ்சு உதிர இரண்டு மூன்று வாரம் ஆகும். வண்டல் ஒரு நல்ல மழைக்காலத்தில் கழுவப்படும். பூச்சி திரும்புவது மேலே எஞ்சியிருக்கும் சோலையைப் பொறுத்தது. அங்கிருந்து நீரோட்டத்தில் மிதந்தும், சிறகு முளைத்துப் பறந்து வந்து முட்டையிட்டும்தான் கீழே குடியேறும். மேல்பகுதி நன்றாக இருந்தால் ஓராண்டுக்குள் மேஃப்ளை தட்டில் தெரியும், ஸ்டோன்ஃப்ளைக்கு இன்னும் காலம் பிடிக்கும். நடுவில் நீளமான குழாய்ப் பாலமோ மூடிய கான்கிரீட் வாய்க்காலோ இருந்தால் வரவே வராமலும் போகலாம். கோடை ஓட்டம் திரும்புவதைப் பல ஆண்டு அளவோடுதான் சொல்ல முடியும். ஒவ்வொரு மார்ச் மாதமும் அதே இடத்தில் அதே பத்து மீட்டரில் அளந்து, மழையளவையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.